தண்டவாளத்தின் ஓரத்தில் பிறந்தவர்

ரெயில் என்ஜின் மேதை ஜார்ஜ் ஸ்டீவன்சனின் வாழ்க்கை

இங்கிலாந்து நாட்டின் வடபகுதியில், டைன் ஆற்றங்கரையில் வைலம் என்ற சிற்றூர் இருக்கிறது. நியூகாசில் நகருக்கு மேற்கே சுமார் 15 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள ஊர் அது.

ஊருக்குச் சற்று வெளியே, ஆற்றை ஒட்டி, கல்லால் கட்டிய பழைய ஓட்டு வீடு ஒன்று நிற்கிறது. சுமார் 1760-ம் ஆண்டு கட்டப்பட்ட வீடு. அரண்மனை அல்ல, மாளிகையும் அல்ல. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த வீடு.

அந்த வீட்டில் ஒரே நேரத்தில் 4 குடும்பங்கள் வசித்தன. ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த ஒரே அறையில்தான். மும்பையில் "சால்" வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

அந்த அறைகளில் ஒன்றில் 1781-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி பிறந்தவர்தான் ஜார்ஜ் ஸ்டீவன்சன். உலகம் முழுவதும் ரெயில் ஓட வழி செய்தவர்களில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர்.

வாசலில் தண்டவாளம்

வீட்டு வாசலில் இருந்து சில அடி தூரத்தில் ஒரு பாதை சென்றது. அதில் மரத்தால் ஆன தண்டவாளம் போட்டிருந்தார்கள். சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரியை வண்டிகளில் ஏற்றி, அந்தத் தண்டவாளத்தின் மீது குதிரைகள் இழுத்துச் செல்லும். குழந்தைகள் குதிரையின் காலடியில் சிக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே தாய்மார்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஜார்ஜின் தந்தை பெயர் ராபர்ட். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியே இறைப்பதற்கு நீராவி எந்திரம் உண்டு. அந்த எந்திரத்தின் உலையில் கரி அள்ளிப் போடுவது அவருடைய வேலை. வாரத்துக்கு 12 ஷில்லிங் கூலி. அந்தக் காலத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அந்தக் கூலியில் கணவன், மனைவி, 6 பிள்ளைகள் சாப்பிட வேண்டும்.

தாய்க்கும் தந்தைக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வசதியும் இல்லை.

ஜார்ஜுக்கு 8 வயது ஆனபோது வைலத்தில் வேலை நின்றுவிட்டது. வேலை உள்ள சுரங்கத்தைத் தேடிக் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது. அதன் பிறகும் ஒரு சுரங்கத்தில் கரி தீர்ந்தால் அடுத்த சுரங்கம், அடுத்த ஊர் என்றே அவர்கள் காலம் கழிந்தது.

2 பென்னி கூலி

8 வயதில் ஜார்ஜ் மாடு மேய்க்கப் போனான். ஒரு நாளைக்கு 2 பென்னி கூலி. மாடுகள் நிலக்கரி வண்டிப் பாதையில் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடுகள் மேயும் நேரத்தில் களிமண்ணைப் பிசைந்து சிறிய எந்திரங்கள் செய்து விளையாடுவான்.

பிறகு கரியில் கலந்திருக்கும் கல்லைப் பொறுக்கும் வேலை. அதன் பின் குதிரை ஓட்டும் வேலை. 14 வயதில் தந்தைக்கு உதவியாளாக உலையில் கரி போடும் வேலை கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங்.

17 வயதில் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பே அவர் கைக்கு வந்தது. அது தந்தையின் வேலையைவிட ஒரு படி மேலான வேலை.

ஓய்வு நாளில் மற்றவர்கள் விளையாடப் போவார்கள். ஜார்ஜ் எந்திரத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றித் துடைத்து, மறுபடியும் பூட்டுவார். எந்தத் திருகு எதற்கு, எந்த வால்வு எப்போது திறக்கும் என்பது எல்லாம் அப்படித்தான் அவருக்குப் பாடம் ஆயிற்று.

18 வயதில் அரிச்சுவடி

ஜேம்ஸ் வாட் செய்த புதிய எந்திரங்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவதை அவர் கேட்டார். விவரம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னார்கள். புத்தகத்தை வாங்கினாலும் அவரால் படிக்க முடியாது.

18 வயதில் அவர் இரவுப் பள்ளியில் சேர்ந்தார். வாரத்தில் 3 இரவுகள் வகுப்பு. கட்டணம் வாரத்துக்கு 3 பென்னி. பகல் முழுவதும் சுரங்கத்தில் உழைத்துவிட்டு, சிறு பிள்ளைகள் படிக்கும் எழுத்துகளை அவர் எழுதிப் பழகினார். 19 வயதில்தான் தன் பெயரைத் தானே எழுத முடிந்தது.

அடுத்து கணக்குப் படித்தார். ஆசிரியர் சிலேட்டில் எழுதிக் கொடுக்கும் கணக்குகளை வேலைக்கு எடுத்துச் செல்வார். எந்திரம் ஓடிக்கொண்டு இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து போட்டு முடிப்பார்.

கூலி போதாததால் செருப்புத் தைத்தார். கடிகாரம் பழுது பார்த்தார். அப்படிச் சேர்த்த பணத்தில் 1802-ம் ஆண்டு ஃபிரான்சஸ் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு மகன் ராபர்ட் பிறந்தான்.

அடுக்கடுக்காகத் துன்பம்

1805-ம் ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்து, சில வாரங்களில் இறந்தது. 1806-ம் ஆண்டு மனைவி காச நோயால் இறந்தார்.

சிறு மகனை வேறு ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, ஜார்ஜ் வேலை தேடி ஸ்காட்லாந்துக்குப் போனார். கால்நடையாகவே போனார். அங்கே மாண்ட்ரோஸ் என்ற ஊரில் ஒரு நூற்பாலையின் எந்திரத்தைக் கவனிக்கும் வேலை. சில மாதங்கள் உழைத்துப் பணம் சேர்த்தார்.

திரும்பி வந்தபோது வீட்டில் வேறு துன்பம் காத்திருந்தது. எந்திரத்தில் இருந்து பீறிட்ட நீராவி முகத்தில் அடித்து, தந்தைக்கு இரண்டு கண்களும் போய்விட்டன. குடும்பம் கடனில் மூழ்கி இருந்தது. சேர்த்த பணத்தைக் கொண்டு ஜார்ஜ் கடனை அடைத்தார். அதன் பிறகு பெற்றோரைக் காப்பாற்றும் பொறுப்பையும் ஏற்றார்.

அப்போது நெப்போலியனுடன் போர் நடந்துகொண்டு இருந்தது. ஊர்ப் படைக்கு ஆள் எடுக்கும் சீட்டில் ஜார்ஜின் பெயர் விழுந்தது. தனக்குப் பதிலாக வேறு ஒருவரை அனுப்ப, மிச்சம் இருந்த பணமும் போயிற்று.

அமெரிக்காவுக்குக் குடியேறிவிடலாம் என்று நினைத்தார். கப்பலுக்குப் பணம் இல்லை. அதனால்தான் அவர் இங்கிலாந்திலேயே தங்க நேர்ந்தது.

வெள்ளத்தில் மூழ்கிய சுரங்கம்

1811-ம் ஆண்டு அவர் வாழ்க்கையில் திருப்பம் ஏற்பட்டது. கில்லிங்வொர்த் என்ற ஊரில் புதிதாகத் தோண்டிய சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் எந்திரம் சரியாக வேலை செய்யவில்லை. பெயர் பெற்ற பொறியாளர்கள் வந்து பார்த்துக் கைவிட்டுவிட்டார்கள். சுரங்கம் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது.

ஜார்ஜ் தன்னால் முடியும் என்று சொன்னார். தான் தேர்ந்தெடுக்கும் ஆட்களே வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டார். எந்திரத்தைக் கழற்றி, சில மாற்றங்கள் செய்து பூட்டினார். சில நாட்களில் சுரங்கம் காய்ந்தது.

மறு ஆண்டு அந்தச் சுரங்கங்களின் எந்திரப் பொறுப்பு முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். ஆண்டுக்கு 100 பவுண்டு சம்பளம்.

1814-ம் ஆண்டு அவர் தனது முதல் ரெயில் என்ஜினைச் செய்து முடித்தார். அது 30 டன் கரியை மேட்டில் இழுத்துக்கொண்டு, மணிக்கு சுமார் 6 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடியது.

ரெயில் என்ஜினை முதன்முதலில் கண்டுபிடித்தவர் ஸ்டீவன்சன் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. ரிச்சர்டு டிரெவிதிக் 1804-ம் ஆண்டே நீராவி என்ஜினைத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார். ஸ்டீவன்சன் பிறந்த வைலத்திலேயே, அவர் வீட்டு வாசல் வழியாகவே, வில்லியம் ஹெட்லி செய்த என்ஜின் ஓடியது. அப்போது ஸ்டீவன்சன் குடும்பம் அந்த வீட்டில் இல்லை. மற்றவர்கள் தொடங்கியதை நம்பி ஓட்டக்கூடிய ரெயிலாக ஆக்கியதுதான் ஸ்டீவன்சனின் சாதனை.

விளக்கும் பழியும்

அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் வேலை செய்தார்கள். சுரங்கத்தில் கசியும் வாயுவில் தீப்பொறி பட்டால் வெடிக்கும். 1812-ம் ஆண்டு ஃபெல்லிங் சுரங்கத்தில் நடந்த வெடி விபத்தில் 92 பேர் மாண்டனர். அவர்களில் பலர் சிறுவர்கள்.

ஆபத்து இல்லாத விளக்கு ஒன்றைச் செய்ய இரண்டு பேர் முயன்றார்கள். ஒருவர் லண்டனில் புகழ் பெற்ற விஞ்ஞானி சர் ஹம்ப்ரி டேவி. மற்றவர் ஸ்டீவன்சன். ஒருவருக்கு மற்றவரின் வேலை தெரியாது.

சிறிய துளைகள் வழியாகக் காற்று உள்ளே போனால், விளக்கின் தீ வெளியே பரவாது என்பது ஸ்டீவன்சனின் யோசனை. 1815-ம் ஆண்டு அக்டோபர் மாதம் விளக்கு தயார் ஆனது. வாயு கசியும் இடத்துக்கு எரியும் விளக்குடன் அவரே நடந்து போனார். கூட வந்தவர்கள் தூரத்தில் நின்றுவிட்டார்கள். யோசனை தவறாக இருந்தால் அவர் உயிரோடு திரும்பி இருக்க முடியாது. விளக்கு வெடிக்கவில்லை.

அடுத்த மாதம் டேவி தன் விளக்கை விஞ்ஞானிகள் சபையில் வெளியிட்டார். பின்னர் அவர் விளக்கைச் சுற்றிக் கம்பி வலை அமைத்தார்.

டேவிக்கு 2 ஆயிரம் பவுண்டு பரிசு அளிக்கப்பட்டது. ஸ்டீவன்சனுக்குக் கிடைத்தது 100 கினி. அதாவது 105 பவுண்டு. அதோடு பழியும் வந்து சேர்ந்தது. ரசாயனம் படிக்காத, எழுதவே தடுமாறும் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது, டேவியிடம் இருந்து திருடி இருக்க வேண்டும் என்று டேவியின் ஆதரவாளர்கள் சொன்னார்கள்.

வடபகுதி மக்கள் கொதித்தார்கள். ஆயிரம் பவுண்டு நிதி திரட்டி, 1818-ம் ஆண்டு ஸ்டீவன்சனுக்கு விருந்து வைத்துக் கொடுத்தார்கள்.

1833-ம் ஆண்டு பார்லிமெண்டு குழு ஒன்று விசாரித்து, விளக்கைக் கண்டுபிடித்த பெருமை ஸ்டீவன்சனுக்கும் சமமாக உண்டு என்று முடிவு சொன்னது. டேவி இறந்து அப்போது 4 ஆண்டுகள் ஆகி இருந்தன. அவர் கடைசி வரை அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

மகனிடம் படித்த தந்தை

தனக்கு நேர்ந்தது மகனுக்கு நேரக்கூடாது என்பதில் ஸ்டீவன்சன் உறுதியாக இருந்தார். ராபர்ட்டை நியூகாசிலில் நல்ல பள்ளியில் சேர்த்தார். பையன் கழுதை மீது ஏறிப் பள்ளிக்குப் போய் வந்தான்.

மாலையில் மகன் கொண்டுவரும் புத்தகத்தைத் தந்தையும் மகனும் சேர்ந்து படித்தார்கள். அந்தப் படிப்பைக் கொண்டு இருவரும் சேர்ந்து 1816-ம் ஆண்டு ஒரு சூரியக் கடிகாரம் செய்து, கில்லிங்வொர்த் வீட்டு வாசலுக்கு மேல் பதித்தார்கள்.

1823-ம் ஆண்டு நியூகாசிலில் ரெயில் என்ஜின் செய்யும் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. ரெயில் என்ஜின் செய்வதற்கு என்றே ஏற்பட்ட உலகின் முதல் தொழிற்சாலை அது. அதற்கு 19 வயது ராபர்ட்டின் பெயரையே வைத்தார்கள்.

1825-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி ஸ்டாக்டன்-டார்லிங்டன் ரெயில் பாதை திறக்கப்பட்டது. அங்கே செய்த என்ஜினை ஸ்டீவன்சனே ஓட்டினார். கரி வண்டிகளிலும் தொற்றிக்கொண்டு பல நூறு பேர் பயணம் செய்தார்கள்.

பார்லிமெண்டில் கேலி

அதே ஆண்டு அவருக்குப் பெரிய அவமானமும் நேர்ந்தது.

லிவர்பூல் துறைமுகத்தையும் மான்செஸ்டர் நகரையும் ரெயிலால் இணைக்கத் திட்டம் போட்டார்கள். நிலப்பிரபுக்களும் கால்வாய் முதலாளிகளும் எதிர்த்தார்கள். நிலம் அளக்கப் போனவர்களை ஆட்களை வைத்து விரட்டினார்கள். சில இடங்களில் இரவில் திருட்டுத்தனமாக அளக்க வேண்டி இருந்தது.

1825-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பார்லிமெண்டு குழு முன் ஸ்டீவன்சன் சாட்சி சொன்னார். எதிர்த் தரப்பு வக்கீல் ஆல்டர்சன் அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்.

ஸ்டீவன்சன் பேசியது வடக்கு வட்டாரப் பேச்சு. லண்டன்காரர்களுக்கு அது பாதி புரியாது. அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர் வெளிநாட்டுக்காரரா என்றுகூடக் கேலி செய்தார்கள்.

ஆனால் அன்று தோற்றதற்குப் பேச்சு மட்டும் காரணம் அல்ல. உதவியாளர்கள் எடுத்த அளவுகளில் பிழை இருந்தது. அவற்றை ஸ்டீவன்சன் சரிபார்க்கவில்லை. வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். ஆற்றின் அகலம் எவ்வளவு என்று கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. மசோதா தோற்றது. வேலை அவர் கையை விட்டுப் போயிற்று.

மறு ஆண்டு வேறு பொறியாளர்களின் அளவுகளுடன் மசோதா நிறைவேறியது. ஆனால் பாதையைப் போடும் வேலைக்கு ஸ்டீவன்சனையே கம்பெனி மறுபடியும் அழைத்தது.

வழியில் சாட் மாஸ் என்ற பெரிய சதுப்பு நிலம் குறுக்கிட்டது. அதன் மேல் ரெயில் பாதை போடவே முடியாது என்று நிபுணர்கள் சாட்சி சொல்லி இருந்தார்கள். கொட்டிய மண் எல்லாம் சேற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டீவன்சன் புதர்ச் செடிகளையும் மிலாறுகளையும் தட்டியாகப் பின்னி, அடுக்கடுக்காகப் பரப்பி, அதன் மேல் பாதையை மிதக்கவிட்டார். அந்த வழியில் இன்றும் ரெயில் ஓடுகிறது.

ராக்கெட் என்ஜின்

பாதை தயார் ஆன நேரத்தில், அதில் நீராவி என்ஜின் ஓட்டுவதா, ஆங்காங்கே எந்திரம் நிறுத்திக் கயிற்றால் இழுப்பதா என்று கம்பெனிக்குச் சந்தேகம் வந்தது. சிறந்த என்ஜினுக்கு 500 பவுண்டு பரிசு அறிவித்தார்கள்.

1829-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ரெயின்ஹில் என்ற இடத்தில் போட்டி நடந்தது. மற்ற என்ஜின்கள் பாதியில் நின்றன. ஸ்டீவன்சன் தரப்பின் "ராக்கெட்" மட்டுமே ஓடி முடித்தது. அதன் உச்ச வேகம் மணிக்கு சுமார் 48 கிலோ மீட்டர்.

அதைக் கட்டி முடித்தவர் மகன் ராபர்ட். கொதிகலனுக்குள் 25 குழாய்களை வைத்துத் தண்ணீரை விரைவில் சூடாக்கும் யோசனை, கம்பெனி அதிகாரி ஹென்றி பூத் கொடுத்தது.

1830-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி பாதை திறக்கப்பட்டது. பிரதம மந்திரி வெலிங்டன் கலந்துகொண்டார். அன்று தண்டவாளத்தில் நின்ற பார்லிமெண்டு உறுப்பினர் ஹஸ்கிசன் மீது ராக்கெட் ஏறியது. கால் நசுங்கியது. ஸ்டீவன்சன் வேறு ஒரு என்ஜினில் அவரை ஏற்றிக்கொண்டு, மணிக்கு சுமார் 58 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டிச் சென்றார். ஆனாலும் அன்று இரவே ஹஸ்கிசன் உயிர் பிரிந்தது.

விபத்தால் ரெயில் நின்றுவிடவில்லை. மறு நாளே பயணிகள் ஏறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நாடு எங்கும் ரெயில் பாதை போட ஸ்டீவன்சனைத் தேடி வந்தார்கள். புதிய பாதைகளில் என்ஜின் ஓட்ட, தன் ஊர்ப் பக்கத்துத் தொழிலாளர்கள் பலரை அவர் அழைத்துச் சென்றார்.

பிடிவாதக்காரர்

ஸ்டீவன்சன் குறை இல்லாத மனிதர் அல்ல. முன்கோபக்காரர். படித்த பொறியாளர்களை எளிதில் நம்பமாட்டார். பட்ட அவமானங்கள் அதற்குக் காரணம். ஆனால் தன்னிடம் வேலை பழகியவர்களின் பெருமையைப் பங்கு கொடுக்கவும் அவர் தயங்கினார். அவரிடம் பயின்ற ஜோசப் லாக் என்ற திறமைசாலி மனக்கசப்புடன் பிரிந்து போய்த் தனியே புகழ் பெற்றார்.

கடைசிக் காலத்தில் செஸ்டர்ஃபீல்டு நகருக்கு அருகே பெரிய மாளிகையில் வாழ்ந்தார். அரசு தர முன்வந்த "சர்" பட்டத்தை வேண்டாம் என்றார். தோட்டம் போட்டார். வெள்ளரிக்காய் வளையாமல் நேராக வளர வேண்டும் என்று கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு வளர்த்தார்.

1847-ம் ஆண்டு எந்திரப் பொறியாளர்கள் தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்தபோது, அவரையே முதல் தலைவர் ஆக்கினார்கள். 1848-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி, 67-வது வயதில் அவர் காலமானார்.

பெரிய பாலங்களைக் கட்டிப் புகழ் பெற்ற மகன் ராபர்ட் 1859-ம் ஆண்டு இறந்தபோது, லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

மும்பை வரை வந்த தொடர்பு

1853-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி போரிபந்தரில் இருந்து தாணாவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் ஓடியது. அந்தப் பாதையைப் போட்ட தலைமைப் பொறியாளர் ஜேம்ஸ் பெர்க்லி, ராபர்ட் ஸ்டீவன்சனிடம் வேலை பழகியவர். 1856-ம் ஆண்டு சென்னை ராயபுரத்தில் இருந்தும் ரெயில் புறப்பட்டது.

கில்லிங்வொர்த்தில் குதிரை வண்டிகளுக்குப் போட்டிருந்த தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8 அங்குலம். ஸ்டீவன்சன் அதையே தன் ரெயில்களுக்கும் எடுத்துக்கொண்டார். பிறகு அரை அங்குலம் கூட்டப்பட்டது. உலகத்தின் ரெயில் பாதைகளில் பாதிக்கு மேல் இன்று அந்த அகலம்தான். இந்தியாவின் பெரிய ரெயில் பாதைகளுக்கு 5 அடி 6 அங்குல அகலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் மும்பை, சென்னை, பெங்களூரு நகரங்களின் மெட்ரோ ரெயில்கள் ஓடுவது ஸ்டீவன்சனின் அகலத்தில்தான்.

இன்று அந்த வீடு

வைலத்தில் வீட்டு வாசலில் இருந்த தண்டவாளத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அந்தப் பாதையில் இப்போது மக்கள் நடந்தும் சைக்கிளிலும் போகிறார்கள்.

வீட்டைத் தேசிய பாதுகாப்பு அறக்கட்டளை பராமரிக்கிறது. ஸ்டீவன்சன் குடும்பம் அங்கே வசித்தது 8 ஆண்டுகள்தான். வீடு அவர்களுக்குச் சொந்தமும் அல்ல. வேலை போனதும் காலி செய்துகொண்டு போனவர்கள் அவர்கள். இன்று அந்த வீட்டுக்கு அவர்கள் பெயர்தான் வழங்குகிறது.